மூன்று சிமிழும் ஒரு முகமும்

முன்னொரு காலத்திலே, மாதம் மும்மாரி பெய்தும் ஜனங்கள் குறை சொல்லிக்கொண்டே இருந்த கொன்றைநாட்டிலே, பூவலிங்கம் என்று ஒரு பகல்வேஷக்காரன் இருந்தான். மேடையும் இல்லாமல் திரையும் இல்லாமல், பட்டப்பகலில் தெருத்தெருவாக வேஷம் கட்டிப் போய் ஜனங்களை மகிழ்விப்பதுதான் அவன் தொழில். திங்கட்கிழமை வேடன், செவ்வாய்க்கிழமை செட்டியார், புதன்கிழமை குடுகுடுப்பைக்காரன். அவன் தலையாரி வேஷம் போட்டு வந்தால் நிஜத் திருடன் ஊரைவிட்டு ஓடுவான். நோயாளி வேஷம் போட்டு வந்தால் வைத்தியர் கஷாயத்தோடு எதிரே வருவார். அவனுக்கு வண்ணம் அரைத்துக் கொடுக்க மாடத்தி என்று ஒரு மனைவி. வேஷப் பெட்டியைச் சுமக்க ஒரு கழுதை.

ஒருநாள் அவன் முனிவர் வேஷம் கட்டிக்கொண்டு காட்டுப் பக்கமாகப் போனான். அங்கே ஒரு பாழ்மண்டபத்தில் சடைமாயன் என்கிற மந்திரவாதி குடியிருந்தான். "சுவாமி, என்னைத் தேடியே வந்துவிட்டீர்களா!" என்று அவன் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். பூவலிங்கத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாடியைக் கழற்றிக் காட்டிவிட்டான். சுள்ளி பொறுக்க வந்திருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

மந்திரவாதிக்கு மானம் கப்பலேறியது. ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"நீயல்லவா கலைஞன்! என்னோடு ஒரு பந்தயம் வைப்பாயா?" என்று கேட்டு, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மூன்று சிமிழ்களை எடுத்து வைத்தான். "இந்த அரிதாரத்தைப் பூசினால் நீ எந்த வேஷம் போடுகிறாயோ அதாகவே ஆகிவிடுவாய். மூன்றையும் பூசு. அமாவாசைக்குப் பதினைந்து நாள் இருக்கிறது. அன்று பொழுது சாய்வதற்குள் உன் சொந்த முகத்தோடு என் முன்னால் வந்து நின்றால், கேட்ட வரம் தருகிறேன். வராவிட்டால் நீயும் இங்கே தொங்குவாய்."

அவன் காட்டிய சுவரில் வரிசையாக முகமூடிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் கண்கள் உருண்டன. எல்லாம் ஒரு காலத்தில் மனிதர்கள்.

பூவலிங்கம் ஓர் அடி பின்னால் வைத்தான். ஆனால் கலைஞன் என்று சொல்லிவிட்டானே! "என் முகம் எனக்குத் தெரியாதா?" என்று சிமிழ்களை வாங்கிக்கொண்டான்.

அங்கேதான் அவன் வசமாக மாட்டினான். வேஷக்காரன் ஒரு நாளைக்கு நாலு தடவை கண்ணாடி பார்க்கிறவன்தான். வேடனைப் பார்ப்பான், செட்டியாரைப் பார்ப்பான். தன்னை ஒருநாளும் பார்த்ததில்லை.

"வேண்டாங்க, எனக்கு மனசே சரியில்ல," என்றாள் மாடத்தி.

"பூச்சுதானே மாடத்தி, துடைச்சாப் போச்சு!" என்று சிவப்புச் சிமிழைத் திறந்தான்.

சிவப்பைப் பூசி ராஜா ஆனான். கடைத்தெருவில் ஜனங்கள் விழுந்து கும்பிட்டார்கள். ஊர்த்தலைவர் தன் மாளிகையையே ஒழித்துக் கொடுத்தார். முதல் கும்பிடு அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பத்தாவது கும்பிடு இனித்தது. நூறாவது ஆள் கும்பிடாமல் போனபோது, "என்னையா? என்னையா மதிக்கவில்லை?" என்று கத்தினான். ஐந்தாம் நாள் மாடத்தி வாசலில் நின்று, "வீட்டுக்கு வாங்க," என்றாள்.

"யார் இந்தப் பெண்?" என்றான் ராஜா.

ஆனால் ராஜாவுக்குப் பயப்படுகிறார்களே தவிர அவன் மேல் ஆசை வைக்கிறவர்கள் யாரும் இல்லை என்று அவனுக்குக் குறையாக இருந்தது. "பூச்சுதானே, துடைத்தால் போச்சு!" என்று அந்தச் சிவப்பின் மேலேயே மஞ்சளைப் பூசினான். அழகான பாடகன் ஆனான். அவன் வாயைத் திறந்தால் ஊரே சொக்கியது. கைதட்டல் ஓய்ந்தால் அவனுக்கு மூச்சு முட்டியது. பத்தாம் நாள் மாடத்தி வந்து, "வீட்டுக்கு வாங்க," என்றாள்.

"இரு, இரு, இன்னும் ஒரே ஒரு பாட்டு!" என்றான். அந்த ஒரு பாட்டு முடியவே இல்லை.

கூட்டத்தின் கடைசியில் ஒரு தவில்காரன் கொட்டாவி விட்டான். நூறு பேர் கை தட்டியது காதில் விழவில்லை, அந்த ஒரு கொட்டாவி நெஞ்சில் தைத்தது. "பூச்சுதானே, துடைத்தால் போச்சு!" என்று கறுப்பை எடுத்து முகத்தில் பட்டை பட்டையாக இழுத்தான். புலியானான். தவில்காரனைத் தெருத்தெருவாகத் துரத்தினான். கண்ணில் பட்டவர்கள் எல்லாம் விரோதிகளாகத் தெரிந்தார்கள். மாடத்தி வந்து, "வீட்டுக்கு வாங்க," என்றபோது அவளைப் பார்த்தும் உறுமினான். அவள் அழுதுகொண்டே திரும்பினாள்.

அமாவாசையும் வந்தது. நடுப்பகலில் புலி குளத்தில் தண்ணீர் குடிக்கப் போனது. அங்கே கழுதை நின்றுகொண்டிருந்தது.

"வாங்க எஜமான், சௌக்கியமா?" என்றது கழுதை. மிருகத்துக்கு மிருகத்தின் பேச்சு புரியுமல்லவா?

"என்னைப் பார்த்துப் பயமில்லையா உனக்கு?"

"எத்தனை வேஷத்தைச் சுமந்த முதுகு இது! நீங்க பூவலிங்கம். இன்னைக்கு அமாவாசை. பொழுது சாய்ஞ்சா சுவத்துல தொங்கணும். எனக்கென்ன, பாரம் குறையும். மாடத்தி அம்மாவை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."

பூவலிங்கம் என்ற பெயர் காதில் விழுந்ததும் புலிக்குத் தான் யார் என்று நினைவு வந்தது. கரையில் போட்டிருந்த சிமிழ்ப் பையைக் கவ்விக்கொண்டு தன் குடிசைக்கு ஓடியது. மிச்சமிருந்த வண்ணத்தை நகத்தால் தொட்டு, புலி முகத்தின் மேலேயே தன் முகத்தை வரையப் பார்த்தது. மனித உருவம் வந்தது, பேச்சும் வந்தது.

"மாடத்தி, நல்லாப் பார்த்துச் சொல்லு, இதானே என் முகம்?"

"மூக்கு இவ்வளவு எடுப்பா எங்க இருந்துது? இது நீங்க இல்ல."

மூக்கை மாற்றி வரைந்தான். "அம்மைத் தழும்பைக் காணோமே," என்றாள். தழும்பை வைத்து, கூடவே கொஞ்சம் சாந்தமும் சேர்த்து வரைந்தான். "இவர் யாரோ பெரிய மகான். என் வீட்டுக்காரர் இல்ல."

"அப்போ நீயே சொல்லேன் எப்படி இருந்தேன்னு! அப்படியே வரையறேன்," என்றான் அழமாட்டாத குறையாக.

"நான் சொல்லி நீங்க வரைஞ்சா அதுவும் ஒரு வேஷம்தானுங்க. எத்தனை வருஷமா சாயங்காலமானா உங்களுக்கு வேஷம் கலைச்சு விடறேன்? தலையைச் சாய்ச்சுக்குங்க இப்படி." தேங்காய் எண்ணெயும் பழந்துணியும் எடுத்து வந்தாள்.

அவன் வரைந்த முகம் ஒரே இழுப்பில் துணியோடு வந்துவிட்டது. அடியில் இருந்த கறுப்பு வரவில்லை. குரல் அவனுடையது, முகம் புலி. ஆனாலும் அவள் மடியில் இருந்த தலையை இறக்கவில்லை. தேய்த்தாள், தேய்த்தாள், துணிதான் கிழிந்தது.

"உள்ளுக்குள்ள எதையோ பிடிச்சுக்கிட்டிருக்கீங்க. என்னன்னு பாருங்க."

"அந்தத் தவில்காரன்... அவனை விடமாட்டேன்."

"விடுங்கன்னு நான் சொல்லல. பாருங்கன்னுதான் சொல்றேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். கோபம் வந்தது, எரிந்தது. அதைத் துரத்தவும் இல்லை, அதன்கூட ஓடவும் இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அது களைத்துப்போய் உட்கார்ந்தது. பாவம், தவில்காரனுக்கு ராத்திரியெல்லாம் கச்சேரியோ என்னவோ என்று தோன்றியது. துணியில் கறுப்பு இறங்கியது.

மஞ்சள் வந்தபோது காதில் கைதட்டல் கேட்டது. ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு என்று மனசு கெஞ்சியது. அதையும் பார்த்தான். தட்டிய கைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்துகொண்டிருந்தன. துணியில் மஞ்சள் இறங்கியது.

சிவப்புதான் பிடிவாதம் பிடித்தது. "நான்! நான்!" என்று கத்தியது. பிறகு பயந்து, "நான் போனால் நீயும் போய்விடுவாய்!" என்றது.

பூவலிங்கம் மாடத்தியின் கையை இறுகப் பிடித்தான். "இதுவும் போயிட்டா அடியில ஒண்ணுமே இருக்காது. நான் செத்துடுவேன் மாடத்தி."

மாடத்தி அவன் கையை விடவில்லை.

அவன் மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. அவன் தனக்குள் நினைத்தான்: கறுப்பு போனதைப் பார்த்தேன், மஞ்சள் போனதைப் பார்த்தேன், இப்போது சாகப் பயப்படுகிறதையும் பார்க்கிறேன். பார்க்கிறவன் எங்கேயும் போகவில்லையே! ராஜாவாக இருந்தபோதும் இவன் இருந்தான், புலியாக இருந்தபோதும் இருந்தான், ஒரு சிமிழ் வண்ணமும் இவன் மேல் ஒட்டவில்லை. அப்படித் தோன்றியதும் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது.

"துடைச்சுடு," என்றான். துணியில் சிவப்பும் இறங்கியது.

பொழுது மலைவாயில் இருந்தபோது இருவரும் மண்டபத்தில் போய் நின்றார்கள். சடைமாயன் ஒரு கண்ணாடியை நீட்டி, தந்திரமாகச் சிரித்தான். "இது உன் முகம்தான் என்று நிச்சயமாகத் தெரியுமா? நன்றாகப் பார். உன் முகம் இதைவிட லட்சணமாக இல்லை?"

பூவலிங்கம் பார்த்தான். சப்பை மூக்கு, அம்மைத் தழும்பு. கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. "இருந்தா இருக்கட்டும் சாமி. இதுவும் நாளைக்கு நரைக்கும், பல் விழும். அதையும் பார்த்துக்கிட்டிருப்பேன்."

கண்ணாடி சுக்குநூறாக உடைந்தது. சுவரில் இருந்த முகமூடிகள் பொலபொலவென்று உதிர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு மனிதனாக எழுந்து நின்றது. பல வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன கொன்றைநாட்டு இளவரசனும் அதில் ஒருவன். அந்த நன்றிக்காகப் பின்னால் அவன் தகப்பனான ராஜா, பூவலிங்கத்துக்குக் குளத்தோரம் நாலு காணி நஞ்சையும் கழுதைக்கு ஆயுசுக்கும் புல்லும் தந்தார். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது.

"தோற்றேன். என்ன வரம் வேண்டும், கேள்," என்றான் சடைமாயன்.

பூவலிங்கம் மனைவியைப் பார்த்தான். மாடத்தி முன்னால் வந்தாள். "சாமி, உங்க முகத்தை ஒரு தடவை பார்க்கணும்."

மந்திரவாதி சுவரோரம் ஒதுங்கினான். முந்நூறு வருஷத்துப் பூச்சு அவன் முகத்தில் இருந்தது. இந்த உலகத்தையே ஆட்டிவைத்தவன் சின்னக் குழந்தை மாதிரிக் கேட்டான்: "அடியில் ஒன்றுமே இல்லாவிட்டால்?"

"எனக்கும் அந்தப் பயம்தான் சாமி," என்று பூவலிங்கம் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "கொஞ்சம் எரியும். நான் கூடவே இருக்கேன்."

மாடத்தி துடைத்தாள். ஒரு துணி போதவில்லை, தன் முந்தானையைக் கிழித்துக்கொண்டாள். கறுப்பு வந்தது, நீலம் வந்தது, பெயர் தெரியாத நிறமெல்லாம் வந்தது. கடைசியில், காது நீண்ட ஒரு சாதாரணக் கிழவர் அங்கே உட்கார்ந்திருந்தார். தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிறகு, முந்நூறு வருஷத்தில் முதல் தடவையாக, "பசிக்குது தாயே," என்றார்.