பாலத்தின் மேல் நாற்பதாம் நம்பர்

"சாலையை மூன்று முறை அகலப்படுத்திவிட்டேன். மூன்று முறையும் அடைத்துக்கொண்டது," என்றார் சந்தானகோபாலன்.

நகரத்தின் சாலைத் திட்டங்களுக்குத் தலைமைப் பொறியாளர் அவர். எதிரே உட்கார்ந்திருந்த மரகதம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பஸ் கண்டக்டராக இருந்து துறவியானவர்.

"ஜனங்கள் கொஞ்சம்தான் கூடியிருக்கிறார்கள். பெட்ரோல் மட்டும் மூன்று மடங்கு எரிகிறது. ஏன் என்று புரியவில்லை."

"இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?"

"பாலத்துக்கு மேல் இன்னொரு பாலம். நாளை கையெழுத்துப் போட வேண்டும். மனசு வரவில்லை."

மரகதம்மா எழுந்தார்.

"வாருங்கள், போய்ப் பார்ப்போம்."

காலை ஒன்பது மணி. பாலத்தின் உச்சியில் சந்தானகோபாலனின் கார் சிக்கிக்கொண்டது. முன்னும் பின்னும் கார்கள். எதுவும் நகரவில்லை.

இருவரும் இறங்கிக் கார்களுக்கு நடுவே நடந்தார்கள்.

ஒவ்வொரு காரிலும் ஒரே ஒரு ஆள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. யாரும் செல்போனைப் பார்க்கவில்லை. எல்லோரும் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு கண்ணாடியைத் தட்டினார் சந்தானகோபாலன். உள்ளே இருந்த பெண் திரும்பவில்லை.

மரகதம்மா ஒரு விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

பாலம் முழுவதும், மூடிய கார்களுக்குள், எல்லோருடைய வலது கையும் மேலே போனது. அங்கே இல்லாத கம்பியை விரல்கள் இறுகப் பிடித்தன. பஸ் கிளம்பியதுபோல உடல்கள் ஒன்றாகப் பின்னால் சாய்ந்து நிமிர்ந்தன.

கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

சந்தானகோபாலன் மரகதம்மாவிடம் திரும்பினார்.

"யாரம்மா இவர்கள்?"

"நாற்பதாம் நம்பர் பஸ்ஸில் வந்தவர்கள். நான்தான் டிக்கெட் கொடுப்பேன்."

"அதை நிறுத்திப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பாலத்துக்கு இடம் வேண்டும் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

"பஸ்தான் நின்றது."

உயர்ந்த கைகள் ஒன்றுகூட இறங்கவில்லை.

"இவர்கள் எப்போது இறங்குவார்கள்?"

"ஸ்டாப் வந்தால்."

சந்தானகோபாலன் கைப்பிடிச் சுவருக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். ஸ்டாப்புகள் இருந்த இடங்களில் எல்லாம் தூண்கள் நின்றன.

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, இங்கிருந்து எப்படி இறங்குவது?"

"கட்டியவர் நீங்கள்," என்றார் மரகதம்மா.