ஐந்து நிமிடத்துக்கு ஒரு தட்டல்

"என் அறையில ஒம்பது பேரு. அவன் அறையில நூத்தி நாப்பது. ஏன் டீச்சர்?" என்று கேட்டார் தங்கமாரியப்பன்.

ஜெபராணி கத்தியை எடுத்தாள். கொய்யாப்பழத்தை நான்காக வெட்டி, ஒரு துண்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அதைத் தொடவில்லை. கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர். கொய்யாப்பழத்துக்காக வரவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அவளுக்கு முப்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அவள் சர்வர் பராமரிக்கிற இடம். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே இரும்பு அலமாரிகளில் சர்வர்கள் இரைந்துகொண்டிருக்கும். அவை சூடாகக் கூடாது என்று ஏ.சி. ஓயாமல் ஓடும். அக்கினி நட்சத்திரத்திலும் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள்.

வயதைப் பார்த்து மரியாதை கொடுக்கிற ஆள் இல்லை தங்கமாரியப்பன். வேலை தெரியுமா என்று பார்ப்பார். அவளுக்குத் தெரியும். அதனால் டீச்சர்.

அறை என்று அவர் சொன்னதற்குச் சுவர் கிடையாது. அது ஐ.ஆர்.சி. என்கிற பழங்காலத்து அரட்டை. படம் இல்லை, குரல் இல்லை, வெறும் எழுத்து. குப்பைக்குப் போகிற கம்ப்யூட்டரிலும் ஓடும். நெட் நொண்டினாலும் ஓடும். தெற்கே லேப்டாப் பழுது பார்க்கிறவர்கள் சால்டரிங் மேஜையில் ஒரு மூலையில் அதைத் திறந்தே வைத்திருப்பார்கள். போர்டுக்கு உயிர் வரவில்லை என்று ஒருவர் எழுதுவார். எந்தக் கம்பிச் சுருளை, எந்தக் காயிலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இன்னொருவர் எழுதுவார்.

கோவில்பட்டி அறை ஓடுகிற சர்வர் தங்கமாரியப்பனுடையது. ஆள் வைக்காமல், ஒருத்தனிடம் கைகட்டி நிற்காமல், நாற்பது தடவை கெடுத்து நாற்பத்தோராவது தடவை தானே ஓட வைத்தது.

தூத்துக்குடி சர்வர் ஆறுமுகநயினாருடையது.

இருவருக்கும் ஒரு காலத்தில் ஒரே கடை. ஒரே மேஜை, எதிரெதிர் நாற்காலி.

யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். தங்கமாரியப்பன் நிமிர்ந்து உட்காருவார்.

"நயினார் இல்லையா?" என்பார்கள்.

நான் இருக்கேன்லா என்பார் இவர்.

பரவாயில்லை, அவுக வரட்டும் என்பார்கள்.

மூன்று வருஷம் இதே பாட்டு. கை வேலையில் இவர் ஒரு மயிரிழை குறைந்தவர் இல்லை. வந்தவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்பார்கள். சால்டரிங் இரும்பைக்கூட ஊதி ஆற வைக்கலாம். வயிற்றில் பிடித்த நெருப்பை எதை வைத்து அணைக்க? நாலாவது வருஷம் ஒரு நாள் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஏன் மாரி என்று நயினார் கேட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாரி என்று அவரைச் சுருக்கிக் கூப்பிடுகிற ஆள் உலகத்திலேயே அந்த ஒருத்தர்தான்.

இப்போது அந்தக் கடை போய் அறை வந்திருக்கிறது. பாட்டு மட்டும் மாறவில்லை.

"லாக் பாத்தீங்களா அண்ணாச்சி?" என்றாள் ஜெபராணி.

லாக் என்பது சர்வர் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகிற குறிப்பு. யார் வந்தார்கள், யார் போனார்கள், யாரை உள்ளே விடவில்லை, எல்லாம் அதில் இருக்கும்.

தன் கையால் கட்டினதைத் தானே எதற்குப் படிக்க வேண்டும் என்று சீறினார் அவர்.

அவள் மேலே வற்புறுத்தவில்லை. ஒரே ஒரு வழி சொன்னாள். இரண்டு சர்வரையும் இணைத்துவிடலாம். இணைத்தால் இரண்டு அறையும் ஒன்றாகிவிடும். ஒன்பதும் நூற்று நாற்பதும் என்ற பேச்சே இராது. அதற்கு இவர் தன் சர்வர் ஃபைலில் தூத்துக்குடி சர்வரின் பெயரை எழுத வேண்டும். நயினார் தன் ஃபைலில் கோவில்பட்டியின் பெயரை எழுத வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே ரகசிய வார்த்தை. ஒருத்தர் மட்டும் எழுதினால் நடக்காது.

"அவன் பேரை என் ஃபைல்ல நான் எழுததா? கையை வெட்டிக்கிடுதேன்" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேரத்தைத் தொடங்கினார்.

இணைப்பு வேண்டாம். நடுவில் ஒரு ரிலே போதும். ரிலே என்றால் தரகன். இரண்டு அறையிலும் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிற சின்ன புரோகிராம். அங்கே பேசுவதை இங்கே சொல்லும், இங்கே பேசுவதை அங்கே சொல்லும். தரகன் தனக்கு வேலை பார்த்தால் போதும் என்றார் தங்கமாரியப்பன். அங்கே பேசுவது எல்லாம் இங்கே வர வேண்டும். இங்கிருந்து ஒரு எழுத்து அங்கே போகக் கூடாது.

"சரக்கு வரட்டும். போக வேண்டாம்."

ஜெபராணி அவரைப் பார்த்தாள். சரி என்று கீபோர்டை இழுத்தாள்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். பஸ்ஸில் இடம் கிடைத்திருந்தது. முகம் அப்படியேதான் இருந்தது.

"ஆறு பேரு டீச்சர்."

அவர் சொன்னது இது. தூத்துக்குடிக் கேள்விகள் மழை மாதிரி வந்து விழுந்தன. இவர் அறையில் இருந்த சங்கரன்கோவில் இசக்கிமுத்துவுக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரியும். எழுதினான். அங்கே யாருக்கும் அது போகவில்லை. திரும்ப எழுதினான். மூன்றாவது தடவையும் எழுதினான். அங்கே கேட்டவன் ஐயோ யாராவது சொல்லுங்களேன் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். கடைசியில் இசக்கிமுத்து கிளம்பிவிட்டான். போகிறபோது ஒரு வரி மரியாதையாக எழுதிவிட்டுப் போனான்: கேக்கிற ஆளு இருக்கிற இடத்துல போய்த்தானே அண்ணாச்சி சொல்லணும்.

அவன் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

"லாக் பாத்தீங்களா?"

அதை விடுங்க டீச்சர் என்றார். இந்தத் தடவை பேரம் வேறு. போகட்டும், இங்கே எழுதுவதும் அங்கே போகட்டும். ஆனால் நூற்றுக்குப் பத்து போனால் போதும்.

மெஷினுக்கு நூற்றுக்குப் பத்து தெரியாது, எது போகணும் எது போகக் கூடாது என்று சொல்லுங்கள் என்றாள் அவள்.

அவர் யோசிக்கவே இல்லை. வரும்போதே யோசித்துவிட்டு வந்திருந்தார்.

"எல்லாம் வரட்டும், எல்லாம் போகட்டும். நயினார் எழுதுறது மட்டும் என் அறைக்குள்ள வரக் கூடாது. பேரும் வரக் கூடாது, எழுத்தும் வரக் கூடாது."

ஜெபராணி கொய்யாப்பழம் வெட்டினாள். பிறகு அவர் கேட்டபடியே எழுதிக் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் கோவில்பட்டியில் தன் சொந்தக் கடையில் உட்கார்ந்து தன் அறையைப் பார்த்தார் தங்கமாரியப்பன்.

நாகர்கோவில்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: தண்ணி பட்ட போர்டு, மூணு வோல்ட் வரமாட்டேங்கு.

அடுத்த வரியும் அவருடையதே: சரிங்க அண்ணாச்சி, அந்தக் காயிலை எடுத்துட்டுப் பாக்கேன்.

அதற்கு அடுத்தது: ஆமா அண்ணாச்சி, சுடுது.

பிறகு: உயிர் வந்துட்டு. நீங்க நல்லா இருக்கணும்.

நடுவில் ஒரு சொல் இல்லை. தங்கமாரியப்பன் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் என்ன எழுதியிருப்பான் என்று அவருக்குத் தெரிந்தது. முதல்ல காயிலை எடு. விரலை வச்சுப் பாரு, பயப்படாத. சுடுதா? அப்போ அதுக்குக் கீழ இருக்க சிப்பைத் தூக்கு. குரல் உட்படக் கேட்டது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது மாதிரி கேட்டது.

சாயங்காலத்துக்குள் அறை முழுக்க இப்படியே ஆகிவிட்டது. எவனோ ஒருத்தனுக்கு எல்லோரும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். எவனோ அடித்த ஜோக்குக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கயத்தாறு பையன் ஒருத்தன் கடைசியில் கேட்டே விட்டான்: இங்க பேசுறது யாருவே, எனக்கு மட்டும்தான் தெரியலையா?

விளாத்திகுளத்துக்காரர் பதில் எழுதினார்: நயினார் அண்ணாச்சியாத்தான் இருக்கும்.

இருந்தபோது ஒரு ஆளாக இருந்தவன், இல்லாதபோது அறை பூராவும் இருந்தான்.

மூன்றாவது வாரம் வந்தபோது தங்கமாரியப்பன் உட்காரவில்லை. கையில் ஒரு காகிதக் கட்டு. அதை மேஜையில் போட்ட வேகத்தில் கொய்யாத் துண்டு ஒன்று கீழே விழுந்தது.

"இப்போ எத்தனை பேரு?" என்றாள் ஜெபராணி.

"ரெண்டு. ஒண்ணு நான். இன்னொண்ணு நீங்க வச்ச தரகன்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை வந்திருக்கும்.

லாக் பார்த்துவிட்டேன் என்றார் அவர். வாராவாரம் அவள் கேட்டதற்காக இல்லை. அறையில் யாரும் இல்லை, பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை, அதனால் பார்த்தார். பார்த்ததும் தலை சுற்றிவிட்டது. தூத்துக்குடி சர்வர் இவர் சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. இன்று நேற்று இல்லை, பதினாலு மாதமாக. போன வருஷம் பங்குனி உத்திரத்தன்று காலையில் இவர் சர்வரைத் திறந்தார். அன்று மத்தியானமே முதல் தட்டல்.

"திறந்த அன்னைக்கே உடைக்க வந்திருக்கான். லட்சம் தடவைக்கு மேல டீச்சர். என் ஒம்பது பேரையும் இப்படித்தான் கொண்டுபோயிருக்கான். போலீஸ்ல குடுக்கப் போறேன். நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

அந்த முகவரிக்குத் தன் சர்வரில் தடை போட்டுவிட்டதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினார்.

ஜெபராணி மேலே இருந்த காகிதத்தை எடுத்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே வரி. தேதி, நேரம், தூத்துக்குடியின் முகவரி, கடைசியில் சர்வர் சொன்ன பதில்: பட்டியலில் பெயர் இல்லை, அனுமதி இல்லை.

"உங்க சர்வர் என்ன சொல்லி விரட்டிச்சுன்னு இதுல இருக்கு" என்றாள். "வந்தவர் என்ன சொன்னார்?"

"திருட வந்தவன் என்ன சொன்னா என்ன?"

"கேட்டீங்களா?"

அவர் காகிதக் கட்டின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தார்.

அவள் அவருடைய சர்வருக்குள் நுழைந்தாள். முதலில் தடையை எடுத்தாள். அவர் வாயைத் திறந்தார், அவள் ஒரு விரலைத் தூக்கினாள், மூடிக்கொண்டார். பிறகு லாக் செட்டிங்கில் ஒரு சொல்லை மாற்றினாள். இனிமேல் தன் பதிலை மட்டும் எழுதாது, வருகிறவர் சொல்கிறதையும் முழுசாக எழுதும் என்றாள்.

திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

காத்திருந்தார்கள்.

சர்வர்கள் இரைந்தன. கீழே பேக்கரியில் யாரோ தட்டை அடுக்கினார்கள். தங்கமாரியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். எதையோ தேடிய கையில் கொய்யாத் துண்டு அகப்பட்டது. தின்றார். இன்னொன்றையும் தின்றார்.

திரை அசைந்தது. இரண்டு வரி.

இணைய வருகிற சர்வர் முதலில் ரகசிய வார்த்தையைச் சொல்லும், பிறகு தன் பெயரைச் சொல்லும் என்றாள் ஜெபராணி. உடைக்க வருகிறவன் இந்த இரண்டையும் சொல்ல மாட்டான். இதைச் சொல்ல வேண்டுமென்றால் நயினார் ஃபைலில் உங்கள் சர்வரின் பெயர் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது வரி தூத்துக்குடியின் பெயர்.

முதல் வரியை அவர் ஒரு தடவை படித்தார். இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். இடைவெளி விடாமல் ஒட்டி அடித்திருந்ததால் இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

மாரி இருக்கானா.

அதற்குக் கீழே அவருடைய சர்வர் தன் வழக்கமான பதிலை எழுதியது. பட்டியலில் பெயர் இல்லை.

தங்கமாரியப்பன் காகிதக் கட்டைப் பார்த்தார். பக்கம் பக்கமாக, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வரி. மேல் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு வாயைத் திறந்தார். வந்தது அப்போதும் சண்டைக்காரன் குரல்தான்.

"இதுலயும் அவன்தான் முந்திக்கிட்டான்."

ஜெபராணி அவருடைய சர்வர் ஃபைலைத் திறந்து வைத்து, கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"அடுத்தது வர இன்னும் மூணு நிமிஷம் இருக்கு அண்ணாச்சி."