மானுக்கு ஏற்ற குண்டு

வெள்ளிப்பாறை ஜமீன்தார் பூச்சய நாயக்கர் தங்கமான மனுஷர். ஆனால் பதினொரு வருஷம் வேட்டைக்குப் போயும் ஒரு மான்கூட விழவில்லை. அவர் குறை சொல்வதெல்லாம் துப்பாக்கியின் காலிபரை, அதாவது குண்டின் அளவைத்தான். சின்னக் குண்டு போதாதென்று நடுத்தரம் வாங்கினார். அதுவும் போதாதென்று பெரிசு வாங்கினார்.

அன்றைக்கும் மான் ஓடிவிட்டது. விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, துப்பாக்கி தூக்கிவரும் மொக்கராசு மேல் பாய்ந்தார்.

"டேய், மானுக்குச் சரியான காலிபர் எதுடா? தப்பாச் சொன்னே, நாளையிலேருந்து உனக்கு வேலை கிடையாது!"

மொக்கராசு மடியை அவிழ்த்து, நசுங்கிய மூன்று குண்டுகளை நீட்டினான். சின்னது, நடுத்தரம், பெரிசு.

"மீன்வலைக்கு ஈயம் வேணுமேன்னு ஓடைக்கரை மருதமரத்துல உளி வச்சுத் தோண்டினேன் எசமான். மரத்தைச் சாய்க்க இது மூணும் போதாது. மானைச் சாய்க்க மூணுமே போதும்."

"அப்புறம் ஏன்டா விழல?"

"மான்மேல படணுமே, எசமான்."

நாயக்கரின் மீசை துடித்தது. பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"நாளைக்கு வெள்ளனே வேட்டைக்கு வந்துடு," என்றார். "உளியையும் எடுத்துக்கோ."