கோபுரத்துச் சாரமும் குன்றிமணியும்

மருதங்கோட்டையை ஆண்ட கண்டராயருக்குக் கோபுரம் கட்டும் ஆசை வந்தது. ஆசைப்பட்டது அரசர், விழுந்து எழுந்தது வேலையாட்கள். தினம் ஒரு விபத்து!

விபத்து நடந்தால் கோட்டை வாசலில் அதற்கொரு அகல் வைப்பது அந்த ஊர் வழக்கம். அது எங்கே நடந்தது, எதனால் நடந்தது என்று காவலன் ஊருக்கே கேட்கும்படி கூவுவான். காரணம் மூன்று வகைதான். காற்று மழை என்றால் யார் மேலும் குற்றமில்லை. வேலையாளின் கவனக்குறைவு என்றால் வெள்ளிக்கிழமை அரசர் வந்து அந்தக் கூவலைக் கேட்டதும் அவன் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போக வேண்டும். அதிகாரியின் அலட்சியம் என்று மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதை இதுவரை யாரும் கூவிக் கேட்டதில்லை. ஏன் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

கொத்தனார் இருளப்பன் கோபுரத்துச் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். காவலன் "காற்று மழை" என்று கூவி முடித்துவிட்டான். இருளப்பன் சும்மா கிடந்தானா? "காத்தாவது மழையாவது! சாரக் கயிறு மக்கிப் போச்சய்யா!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னான். கயிற்றைப் பார்த்து மாற்ற வேண்டிய கட்டுமான அதிகாரி நாகமராயர் காதில் அது விழுந்தது. நேரே அரசரிடம் ஓடினார்.

"அரசே, காவலன் வகையைத் தப்பாகக் கூவிவிட்டால் மாற்ற ஒரு வழி வேண்டாமா?"

"வேண்டும்தான்" என்றார் அரசர்.

"அரண்மனை மோதிரம் உள்ள அதிகாரி எவரும் மாற்றலாம். காரணம் கேட்கக் கூடாது. ஒரு முறை மாற்றியதை மறுபடி மாற்றவும் கூடாது."

"அப்படியே ஆகட்டும். கூத்தரே, வழியை நீர் வகுத்து, அதற்கு ஒரு முறையோலையும் எழுதும்."

அவை விகடர் பொன்னம்பலக் கூத்தர் எழுந்தார். நாகமராயர் விடவில்லை. "அரசே, இவர் ஏதாவது கொக்கி போடுவார். செய்யாதே, கூடாது என்று ஒரு சொல் அதில் இருக்கக் கூடாது. படிப்பவர் யாரிடமும் விளக்கம் கேட்காமல் செய்து முடிக்க வேண்டும்."

"கேட்டீரா கூத்தரே?"

"காது நன்றாகவே கேட்கிறது, அரசே!"

வெளியே வந்தால் இருளப்பன் மனைவி பேச்சி நிற்கிறாள். "ஐயா, வகையை மாத்திட்டா எங்களைத் துரத்திடுவாங்களாமே! அந்த மனுசனால எந்திரிச்சு உக்காரவே முடியலை. எங்கேய்யா போவோம்?"

"அழாதே, தாயே. நான் பார்க்கிறேன்" என்றார் கூத்தர். சொல்லிவிட்டாரே தவிர, என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. கோபுரத்துக்குப் போய்ச் சாரத்தில் ஏறிக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். வெந்த கீரைத்தண்டு மாதிரி கையோடு வந்தது. அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல!

தடுத்து எழுத வழியில்லை. ஆனால் மருதங்கோட்டைக்காரர்களின் குணம் அவருக்குத் தெரியும். போன மாதம்தான் விண்ணப்பம் எழுதும் முறை என்று ஓர் ஓலை எழுதிக் கொடுத்திருந்தார். கடைசியில் மாதிரிக்கு "இப்படிக்கு, மேலத்தெரு மயிலேறி" என்று போட்டார். அவ்வளவுதான்! வந்த விண்ணப்பம் அத்தனையும் மேலத்தெரு மயிலேறியிடமிருந்தே வந்தன. விளக்கத்தை ஒருவரும் படிக்கவில்லை. எடுத்துக்காட்டை மட்டும் பார்த்து அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அதை நினைத்ததும் கூத்தர் சாரத்தின் மேலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல வேளை, அவர் விழவில்லை!

வெள்ளிக்கிழமை வந்தது. வாசலில் அரசரும் ஊரும் கூடி நிற்க, கூத்தர் வகைக்கொரு கிண்ணம் வைத்தார். ஒன்றில் சோழி, ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் குன்றிமணி. காவலன் ஏற்கெனவே கூவிய வகைப்படி ஒவ்வோர் அகலிலும் ஒன்றைப் போட்டும் வைத்தார்.

"காவலனுக்கு எழுத்துத் தெரியாது, அரசே. அகலில் என்ன கிடக்கிறதோ அதைப் பார்த்துக் கூவுவான். எது எந்த வகை என்று ஓலையில் விளக்கியிருக்கிறேன். முடிவில் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு."

"முதலில் நான்தான்!" என்று நாகமராயர் முந்திக்கொண்டு ஓலையைப் பிடுங்கினார்.

"விளக்கத்தை ஒரு தடவை படித்துவிட்டு..." என்றார் கூத்தர்.

"அதெல்லாம் சாமானியருக்கு ஐயா!"

அவர் கண் நேரே கடைசி வரிக்குப் போனது. "எடுத்துக்காட்டு: மோதிரத்தைக் காட்டு. கோபுரத்துச் சாரத்தின் அகலில் கிடக்கும் சோழியை எடு. குன்றிமணி ஒன்றைப் போடு."

அட, நம் காரியத்தையே எழுதி வைத்திருக்கிறாரே, மனிதர் வழிக்கு வந்துவிட்டார் என்று நாகமராயருக்கு ஒரே பூரிப்பு. மோதிரத்தைக் காட்டினார். சோழியை எடுத்தார். குன்றிமணியை டொக்கென்று போட்டார்.

காவலன் அகலைப் பார்த்தான். அதிகாரியைப் பார்த்தான். எச்சிலை விழுங்கிக்கொண்டு கூவினான்: "கோபுரத்துச் சாரம்! அதிகாரியின் அலட்சியம்!"

ஊரே வாயைப் பிளந்தது. நாகமராயர் முகத்தில் ஈயாடவில்லை.

"அரசே, மோசம்! இதை உடனே மாற்றச் சொல்லுங்கள்!"

"ஒரு முறை மாற்றியதை மறுபடி மாற்றக் கூடாது என்று கேட்டது யார்?" என்றார் அரசர்.

"நான் எடுத்துக்காட்டில் இருந்ததைத்தானே செய்தேன்!"

"நானும் எடுத்துக்காட்டுக்கு ஏதாவது பொய்யை எழுதலாமா என்றுதான் பார்த்தேன், அரசே" என்றார் கூத்தர். "மனசு வரவில்லை. சாரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, நடந்ததையே எழுதினேன்." மடியிலிருந்து கயிற்றுத் துண்டை எடுத்து நீட்டினார்.

அரசர் அதைச் சுண்டு விரலால் இழுத்தார். பொட்டென்று அறுந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவருக்கு அப்படியே நின்றுபோனது.

"இருளப்பன் கால் தேறும்வரை அவன் வீட்டுச் சாப்பாடு அரண்மனையைச் சேர்ந்தது" என்றார். தோளில் கிடந்த பட்டைக் கழற்றிக் கூத்தருக்குப் போர்த்தினார். பிறகு நாகமராயர் பக்கம் திரும்பினார். "உம்மை வேலையை விட்டு நீக்கப் போவதில்லை."

"அரசே! தங்கள் கருணை..."

"இரும். நாளை முதல் தினமும் காலையில் அந்தச் சாரத்தில் முதல் ஆளாக ஏறப் போகிறவர் நீர்தான்."

அன்று சாயங்காலமே வண்டி வண்டியாகப் புதுக் கயிறு வந்து இறங்கியது. ஒவ்வொரு முடிச்சையும் நாகமராயரே தொங்கித் தொங்கிப் பார்த்தாராம்.