பதினோரு புள்ளி வரை

தும்பை ஒரு புள்ளிமான். மூங்கிலாறு சரணாலயத்தில், வண்டிப் பாதையை ஒட்டி ஒரு நெல்லிமரம் நிற்கிறது. அதன் அடியில்தான் அவள் எப்போதும் மேய்வாள். மரத்துக்கு மேலே கருமூஞ்சி என்கிற மந்தி, கைக்குட்டியோடு குடியிருந்தாள்.

இரண்டு பேருக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு. கருமூஞ்சிக்கு மேலே இருந்து தூரம் தெரியும். தும்பைக்குக் கீழே இருந்து வாசனை தெரியும். யாருக்குப் புலி தெரிந்தாலும் உடனே கத்த வேண்டும். கத்தினால் மற்றவள் கேள்வி கேட்கக் கூடாது. தப்பிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மற்ற நேரமெல்லாம் கருமூஞ்சி பாதி கடித்த நெல்லிக்காயைக் கீழே போடுவாள். தும்பை தின்பாள்.

"ஏய், கொட்டையோட முழுங்காதடி!"

"நீ ஒழுங்கா நல்லதைப் பறிச்சுப் போடு, நான் ஒழுங்காத் தின்னுறேன்!"

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வனத்துறை வேன் வந்தது. உள்ளே ஒரே ஒரு குடும்பம். அப்பா, அம்மா, மாமா, அப்புறம் தேனு என்று ஏழு வயசுப் பெண். பெருந்துறையில் விடிவதற்கு முன்னாலேயே கிளம்பி, புளிசாதம் கட்டிக்கொண்டு, புலி பார்க்க வந்தவர்கள். எல்லோரும் புலி பார்க்கத்தான் வருவார்கள். மான் பார்க்க யாரும் அவ்வளவு தூரம் வருவதில்லை. அதுதான் உண்மை.

"அப்பா! மான்! மான்!" என்று தேனு கத்தினாள்.

"மான்தானே கண்ணு. அது எங்க போனாலும் இருக்கும்," என்றார் அப்பா.

"ஏனுங்க டிரைவரண்ணா, இதுக்கெல்லாம் நிறுத்தாதீங்க. போலாமுங்க!" என்றார் மாமா.

டிரைவர் மாதன் நிறுத்தவில்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு பள்ளம். வேன் மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் தேனு ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு, தும்பையின் முதுகைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

பதினொன்று வரை வந்தாள். வேன் பள்ளத்தை விட்டு ஏறிப் போய்விட்டது.

தும்பை நின்ற இடத்திலேயே நின்றாள். வாயில் இருந்த புல்லை மெல்லவில்லை. எத்தனையோ வண்டிகள் அவளைத் தாண்டிப் போயிருக்கின்றன. யாரும் அவளை எண்ணியதில்லை. அவளுக்கே தன் முதுகில் எத்தனை புள்ளி என்று தெரியாது. மானால் தன் முதுகை முழுசாகப் பார்க்க முடியாது இல்லையா?

"கருமூஞ்சி! அந்தப் பொண்ணு என்னை எண்ணிச்சு, பார்த்தியா?"

கருமூஞ்சி குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். "எண்ணினா எண்ணட்டும். அது என்ன பெரிய வேலையா? நெல்லிக்காய் வேணுமா, வேணாமா?"

"வேணாம்," என்றாள் தும்பை.

அதுவரை அவள் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

வெயில் ஏறியது. தும்பை பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் ஒரு காகிதம் உருண்டால்கூட வண்டியோ என்று காது நிமிர்ந்தது. பதினொன்றுக்கு அப்புறம் என்ன? பன்னிரண்டா? நாற்பதா? அந்தக் குழந்தை திரும்ப வந்து, விட்ட இடத்திலிருந்து எண்ணி முடிக்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் தொப்பன் வந்தான். தொப்பன் ஒரு காட்டுப்பன்றி. டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் பின்னால் குப்பை கிளறுவதுதான் அவன் வேலை. அதனால் மனுஷர் பேசுவதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"என்ன தும்பை, மூஞ்சி தொங்கிப் போச்சு?"

தும்பை சொன்னாள். தொப்பன் கேட்டுவிட்டு வாலை ஆட்டினான்.

"அந்தக் குடும்பமா? புலி பார்க்காம ஊருக்குப் போறதில்லைன்னு அந்த மாமன் சாயங்கால டிரிப்புக்கும் டிக்கெட் போட்டுட்டான். இதே வேன். இதே பாதை!"

தும்பை ஓரடி முன்னால் வந்தாள். "நிறுத்துவாங்களா?"

"உனக்கா? யானைக்கு நிறுத்துவான் மாதன். காட்டெருமைக்கு நிறுத்துவான். உனக்கு எதுக்கு நிறுத்தணும்? ஆனா..."

"ஆனா?"

"நீ கத்தினா நிறுத்துவான்! மான் கத்தினா பக்கத்துல புலின்னு அர்த்தம். இன்ஜினையே அணைச்சிடுவான். பத்து நிமிஷம் அசைய மாட்டான். பதினொண்ணுக்கு மேல எண்ண அது போதாதா?"

"புலி இல்லாம எப்படிக் கத்துறது?"

"வாயைத் திறந்துதான்!"

"உனக்கு இதுல என்ன லாபம்?"

"எனக்கு என்ன லாபம்? நீ வாடி நிக்கிறதைப் பார்க்க முடியல, அதான்!"

பொய். வண்டி சும்மா நின்றால் மனுஷர் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். பிரித்தால் சிந்துவார்கள். தொப்பனுக்கு முறுக்கு என்றால் உயிர்.

தும்பை மேலே பார்த்தாள். கருமூஞ்சியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. மறந்துபோனாள் என்று யாரும் அவளுக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

சாயங்காலம் வெயில் சாய்ந்தது. கருமூஞ்சியின் குட்டி முதல் தடவையாக அம்மாவை விட்டு இறங்கி, கீழ்க் கிளையில் ஒற்றைக் கையால் தொங்கிப் பழகிக்கொண்டிருந்தது. அப்போது வேன் சத்தம் கேட்டது.

பாதை வளைவில் வேன் தெரிந்ததும் தும்பை வாலைத் தூக்கினாள். முன்னங்காலால் தரையை உதைத்தாள். கத்தினாள்!

"கியாவ்! கியாவ்!"

வேன் நின்றது. இன்ஜின் அணைந்தது.

"உஷ்! யாரும் பேசாதீங்க," என்றான் மாதன். "மான் கத்துது. பக்கத்துலதான் இருக்கு!"

மேலே கருமூஞ்சி கேள்வி கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே பேச்சு. குட்டியைப் பிடிக்க ஒரே தாவாகத் தாவினாள். பதற்றத்தில் காய்ந்த கிளையைப் பிடித்துவிட்டாள். அது முறிந்தது. அம்மாவும் பிள்ளையும் கீழே இருந்த இலந்தை முள்ளில் போய் விழுந்தார்கள். குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கருமூஞ்சியின் உள்ளங்கை கிழிந்தது. குட்டியை அணைத்துக்கொண்டு, அந்தக் கையோடு மரத்தைப் பிடித்து உச்சிக்கு ஏறினாள். ஏறிய பிறகு அவளும் கத்தினாள்.

"பாருங்க, மந்தியும் கத்துது! கண்டிப்பாப் புலிதான்!" என்றான் மாதன்.

தும்பை இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் தேனுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, புள்ளி எல்லாம் தெரிகிற மாதிரி, மூச்சைப் பிடித்து நின்றாள். இப்போது எண்ணு கண்ணு. பன்னிரண்டிலிருந்து எண்ணு.

தேனு பார்த்தாள். தும்பையைப் பார்க்கவில்லை. தும்பைக்குப் பின்னால் இருந்த புதரைப் பார்த்தாள்.

"எங்க மாமா? அந்தப் புதருக்குள்ளயா?"

தும்பை ஓரடி நகர்ந்து அந்தக் கண்ணுக்கு நேராக வந்து நின்றாள். தேனு தலையை ஒருபக்கம் சாய்த்தாள். தும்பை இன்னும் ஓரடி நகர்ந்தாள்.

"ஐயோ! இந்த மான் மறைக்குது மாமா!"

மாமா ஜன்னல் கம்பியைத் தட்டினார். "ச்சூ! ச்சூ! தள்ளு!"

தும்பை தள்ளவில்லை. வண்டி போய்விடுமே என்று மறுபடி கத்தினாள். ஒவ்வொரு தடவை கத்தும்போதும் எல்லோருடைய கண்ணும் அவளைத் தாண்டி இன்னும் தள்ளிப் போனது. முதலில் புதர். அப்புறம் மூங்கில். அப்புறம் மலைச் சரிவு.

மாமாவுக்குப் பசித்தது. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். மூன்று முறுக்கு ஜன்னல் வழியாகக் கீழே விழுந்தது.

இருபது நிமிஷம் ஆனது. "ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிடுவாங்க," என்று மாதன் வண்டியை எடுத்தான்.

"என்ன கண்ணு பார்த்த?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் பார்க்கலம்மா," என்றாள் தேனு. "வெறும் மான்தான்."

வேன் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போனது. காலையில் மான் மான் என்று கத்தியதும் இதே குழந்தைதான்.

தொப்பன் புதரிலிருந்து வந்து முறுக்கை நொறுக்கினான். "மூணு! நாளைக்கும் கத்துறியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போனான்.

இருட்டுவதற்கு முன்னால் கருமூஞ்சி இறங்கி வந்தாள். ஒரு கையில் குட்டி. இன்னொரு கையை நெஞ்சோடு மடக்கி வைத்திருந்தாள்.

"எங்க புலி?"

தும்பை பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சிறுத்தையா? செந்நாயா?"

"எதுவும் இல்ல," என்றாள் தும்பை. "வண்டி நிக்கணும்னு கத்தினேன். அந்தப் பொண்ணு பதினொண்ணோட விட்டுட்டுப் போச்சு. முழுசா எண்ணட்டும்னு..."

கருமூஞ்சி கிழிந்த கையைப் பார்த்தாள். அப்புறம் தும்பையைப் பார்த்தாள்.

"எண்ணணுமா? என்னைக் கேட்டிருக்கலாமேடி! நான் மேல உக்காந்திருக்கிறவ. விடிஞ்சதிலிருந்து எனக்குத் தெரியுறது உன் முதுகுதான். குட்டி தூங்க மாட்டேன்னா, உன் புள்ளியை எண்ணிக் காட்டித்தான் தூங்க வைப்பேன்."

தும்பை அவள் பக்கத்தில் வந்தாள். "எத்தனை இருக்கு?"

கருமூஞ்சி குட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நாளைக்கு நீ கத்தினாலும் நான் நம்புவேன். நம்பாம இருக்க முடியாது, கையில பிள்ளை இருக்கு. அதனால உன் சத்தம் கேக்காத இடத்துக்குப் போறேன்."

"கருமூஞ்சி! எத்தனைன்னு மட்டும் சொல்லிட்டுப் போடி!"

அவள் அதற்குள் அடுத்த மரத்தில் இருந்தாள். அதற்கும் அடுத்த மரத்தில். ஆற்றைத் தாண்டிப் போனாள்.

மறுநாள் வேன்கள் வந்தன. நிற்காமல் போயின. நெல்லிமரம் நிறையக் காய் இருந்தது. ஒன்றும் விழவில்லை. தும்பை அண்ணாந்து பார்த்துப் பார்த்து, கடைசியில் கழுத்தை வளைத்துத் தானே எண்ண ஆரம்பித்தாள். பதினொன்றுக்கு மேல் கழுத்து திரும்பவில்லை.

இல்லாத புலியைக் காட்டி நிறுத்தின வண்டி புலியைத்தான் தேடும், உன்னைப் பார்க்காது. கேட்காமலே தினமும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணும் அந்தப் பொய்யோடு போய்விடும்.