மூன்று சுவர் கொடுத்து ஒரு சுவர் கேட்ட கதை

நொச்சிக்குடியில் நால்வர் இருந்தனர். நால்வர் என்றதும் வாசகர் கைகூப்ப வேண்டாம். பதிகம் பாடிய நால்வர் வேறு, இவர்கள் வேறு. சிற்றம்பலம், அவர் மைத்துனர் பஞ்சநதம், அண்டைவீட்டு வைரக்கண்ணு, முத்துக்குமரு என்பவை இவர்களின் பெயர்கள். பக்தியில் குறைவில்லாதவர்கள். குறை வேறிடத்தில் இருந்தது.

ஐப்பசி மழையில் சிற்றம்பலத்தின் கல்வீட்டில் ஒரு சுவர் சரிந்து, கல்லோடு வெள்ளத்தில் போயிற்று. மகள் கோமளவல்லியைப் பெண் கேட்டிருந்த சம்பந்தி, “பொங்கல் கழிந்து வருகிறேன். நாலு சுவரும் நின்றால் அன்றே நிச்சயதாம்பூலம். இல்லையேல் வேறு இடம் பார்க்கிறேன்” என்று சொல்லியனுப்பினார். மூன்று சுவர் நின்றது. வேண்டியது ஒன்றே.

வீடு வேண்டுவோர் கூகைமலை முருகன் சந்நிதிக்குப் பின்னே கல்லின்மேல் கல் அடுக்கி வேண்டிக்கொள்வது அவ்வட்டார வழக்கம். நால்வரும் மலையேறினர். குருக்கள் திருநீறு கொடுத்து விதி சொன்னார்.

“மண்ணு, சுண்ணாம்பு கூடாது. பிறத்தியார் அடுக்கினதைத் தொடப்படாது. நீங்க எப்படி அடுக்கறேளோ அப்படி வீடு அமையும். வீடு கட்டிப் பால் காய்ச்சின அப்புறம் வந்து பிரிக்கலாம். அதுவரைக்கும் கை படப்படாது.”

சிற்றம்பலம் ஐந்து கற்களை முழங்கால் உயரத்துக்கு அடுக்கினார். பஞ்சநதம் குனிந்து பார்த்தார்.

“அத்தான், இதுதான் வீடென்றால் சம்பந்தி தவழ்ந்துதான் உள்ளே வரணும்.”

“அவருக்கு முழங்கால் வலி வேறு” என்றார் வைரக்கண்ணு.

ஆளுயரத்துக்கு மேல் அடுக்குவதென முடிவாயிற்று. ஆனால் மலையில் கிடந்த மற்றக் கல்லெல்லாம் முன்வந்தோரின் வேண்டுதல்களில் நின்றுகொண்டிருந்தது. முத்துக்குமரு அதிகம் பேசாதவர். அதனாலேயே அறிவாளி எனப் பெயர் பெற்றவர். அவர் வாய் திறந்தார்.

“உங்கள் சுவரில் கல் இருக்கிறதே.”

“அதைப் பிரித்தால் வீடு?”

“வரப்போகிற வீட்டுக்கு எத்தனை சுவர்?”

“நாலு.”

“இருக்கிற வீட்டுக்கு?”

“மூன்று.”

“எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.”

மூன்று நாளில் மூன்று சுவரும் மலையேறின. வெட்டவெளியில் அடுப்பு மூட்டியிருந்த சிற்றம்பலத்தின் மனைவி அகிலாண்டம், “வீடு எங்கே?” என்று கேட்டாள்.

“வேண்டுதலுக்குப் போயிருக்கிறது.”

“வாசற்படியையாவது விட்டுவையுங்கள். கோலம் போட்டுப் பழகிய கை.”

அடியில் பெரிது, முடியில் சிறிது என்பது கொத்தனார் வழக்கு. குடும்பம் வளரவேண்டுமென்று வைரக்கண்ணு அதை மாற்றினார்: அடியில் தேங்காயளவு, அதன்மேல் பூசணியளவு, மேலே போகப்போக விரிந்த தலைகீழ்க் கோபுரம். ஒவ்வொரு கல்லையும் செவியருகே வைத்துத் தட்டி, நுனியில் ஊன்றி, மூச்சடக்கிக் கையெடுத்தார். எட்டு முறை சரிந்தது. ஒன்பதாம் முறை நின்றது. எந்தக் கல் எதை நம்பி நிற்கிறதென்று பார்த்தவர் எவருக்கும் விளங்கவில்லை. திருவருள் தகுதி பார்த்து வருவதன்று. யாத்திரிகர் சிலர் அதை வலம் வரவும் தொடங்கினர்.

நால்வரும் மகிழ்ந்து, வீடு கட்ட இறங்கினர். கட்டக் கல் இல்லை.

“மலையில் இருக்கிறது. பிரித்து வரலாம்” என்றார் பஞ்சநதம்.

“கட்டினால்தான் பிரிக்கலாம்” என்றார் சிற்றம்பலம்.

“பிரித்தால்தானே அத்தான் கட்டலாம்?”

“கட்டினால்தான் பிரிக்கலாம்.”

இவ்விரண்டையும் மந்திரம்போல் பொழுது சாயும்வரை ஓதினர். பொங்கலும் கழிந்தது. மறுநாள் சம்பந்தி வருகிறார். முத்துக்குமரு மீண்டும் வாய் திறந்தார்.

“அது தானாக விழுந்தால் நம் கை பட்டதாகாது.”

“தானாக எப்படி விழும்?”

“வேண்டிக்கொண்டால் விழும்.”

“எப்படி வேண்டுவது?”

“கல் அடுக்கித்தான்.”

வீட்டில் மிஞ்சிய கல் அம்மி, குழவி, வாசற்படி. விடியுமுன் அகிலாண்டம் குளத்துக்குப் போன நேரம் பார்த்து மூன்றையும் தூக்கிச் சென்றனர். ஆனால் எப்படி அடுக்கினாலும் குழவி உருண்டது. இது சரிந்தால் அது சரியாதே என்று அஞ்சி, வைரக்கண்ணு சிறிய அடுக்கைப் பெரியதன்மேல் சாய்த்து வைத்தார். கல்லுக்குக் கல் துணை நிற்பதை விதி தடுக்கவில்லை.

அப்போது காற்று எழுந்தது. பெரிய அடுக்கு ஆடிற்று. சிற்றம்பலம் கண்ணீர் மல்க, “முருகா, விழப்போகிறது” என்றார்.

பஞ்சநதம் குறுக்கிட்டார். “அத்தான், பெரியது விழுந்தால் அதில் சாய்ந்த சின்னது விழும். சின்னது விழுந்தால், பெரியது விழணும் என்கிற வேண்டுதல் பலிக்காது.”

நால்வரும் ஓடிப்போய், பக்கத்துக்கு ஒருவராக நின்று முட்டுக்கொடுத்தனர். கை படக்கூடாதென்பது குருக்கள் வாக்கு. முதுகைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டைத் தேடி அலைந்த சம்பந்தி, தாம்பூலத் தட்டோடு முழங்காலைப் பிடித்தபடி மலையேறி வந்தார்.

“வீடு எங்கே?”

“முதுகுக்குப் பின்னால் இருக்கிறது சம்பந்தி. விழுந்ததும் கட்டிவிடுவோம்.”

“பின்னே ஏன் தாங்கிப் பிடிக்கிறீர்கள்?”

“விழவேண்டுமே என்றுதான்.”

சம்பந்தி தலையசைத்தார், அவரும் பக்கத்து ஊர்க்காரர்தானே. ஒரு சுற்று வலம்வந்து, நால்வரையும் மார்பில் தட்டிப் பார்த்து, விரல்விட்டு எண்ணினார்.

“நாலும் நிற்கிறது. கூரையைச் சித்திரைக்குள் போட்டுவிடுங்கள்” என்று தட்டை நீட்டினார்.

குருக்கள் சொற்படி கைகள் ஓய்வாக இருந்தமையால், சிற்றம்பலத்துக்கு அதை வாங்கிக்கொள்வதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.