முப்பத்தொன்றாம் எண்

கோவை கணபதியில் இரும்பு வார்க்கும் நாற்பது சின்ன பவுண்டரிக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று உண்டு. அதன் தலைவி முனைவர் கோகிலவாணிக்கு வயது முப்பத்தாறு. சனிக்கிழமைதோறும் அவரிடம் கம்ப்யூட்டர் பாடம் கேட்க வருபவர்களில் மூத்தவர் ஆறுக்குட்டி. வயது ஐம்பத்தெட்டு. பம்பு மோட்டாருக்கு இரும்பு உடல் வார்ப்பவர். முன் வரிசையில் உட்காருவார். முதல் கேள்விக்குப் பதில் வருவதற்குள் இரண்டாவதைக் கேட்டுவிடுவார்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பே இல்லாத நாளில், மூச்சு வாங்க வந்து நின்றார்.

"டாக்டரம்மா, உங்க கம்ப்யூட்டர் பொய் சொல்லுதுங்க."

"என்னங்கண்ணா சொல்லுச்சு?"

"தினமும் காலையில, வார்ப்பு நல்லா வரும்னு பச்சை காட்டுதுங்க. வார்த்துப் பார்த்தா உள்ளார பூரா ஓட்டை. அஞ்சு வாரமா இதே கூத்து. வெள்ளிக்கிழமைக்குள்ள சுத்தமா இருபது உருப்படி வரலைன்னா ஆர்டரை வேற பக்கம் குடுத்துருவேன்னுட்டான் பம்பு கம்பெனிக்காரன். அது போச்சுன்னா பவுண்டரிய மூட வேண்டியதுதானுங்க. பதினாலு பேர நான் எப்படி வீட்டுக்குப் போகச் சொல்லுவேன்?"

கோகிலவாணி திரையைத் திறந்தார். அதில் எந்த பவுண்டரிக்கும் பெயர் கிடையாது, எண்தான். யாருக்கு எந்த எண் என்பது அவருக்கு மட்டும் தெரியும். ஆறுக்குட்டி முப்பத்தொன்று. அச்சு செய்யும் மணலின் ஈரத்தை அளக்கும் கருவி அவர் பட்டறையிலிருந்து தினமும் தவறாமல் அளவு அனுப்பியிருந்தது. அந்த அளவையும் கெட்ட வார்ப்புக் கணக்கையும் வைத்துத்தான் கம்ப்யூட்டர் பச்சையோ சிவப்போ காட்டும். கெட்டுப்போன வார்ப்பு என்ற கட்டத்தில் மட்டும் ஐந்து வாரமும் பூஜ்யம்.

"ஓட்டை விழுந்ததை ஏனுங்கண்ணா பதியலை?"

"அதையெல்லாம் பதிவாங்களா? அடுத்தவன் கண்ணுல படறதுக்குள்ள சம்மட்டியில உடைச்சு உலையில போட்டுருவோமுங்க. எங்கய்யன் காலத்துல இருந்தே அப்படித்தான்."

"அப்ப கம்ப்யூட்டருக்கு நல்லதை மட்டும் சொல்லியிருக்கீங்க."

"ஆமாங்க."

"அதுவும் உங்களுக்கு நல்லதை மட்டும் சொல்லுதுங்க."

ஆறுக்குட்டி நேரே பட்டறைக்குக் கிளம்பினார். கேள்வி கேட்காத ஆறுக்குட்டியை அந்தக் கூடம் அன்றுதான் பார்த்தது.

மதியம் ஒரு டெம்போ வந்தது. ஏழு கெட்ட வார்ப்புகளை உடைக்காமல், திருட்டுச் சாமான் மாதிரி படுதா போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தார். ரம்பத்தில் அறுத்தார்கள். ஓட்டைகளைப் படம் எடுத்தார்கள். எந்த நேரத்தில் வார்த்தது, மணல் எந்தக் குவியல் என்று ஒவ்வொன்றையும் ஆறுக்குட்டி தன் கையாலேயே கம்ப்யூட்டரில் தட்டினார். பாவம், காது மடல் சிவந்துவிட்டது. வெட்கம்தான்.

ஏழாவதைத் தட்டி முடித்ததும் திரையில் ஒரு வரி வந்தது. இதே மாதிரி ஓட்டை, சென்ற வருடம் இதே ஆடியில், பதினேழாம் எண்.

"அட, இருக்குதுங்க! அவரு எப்படிச் சரி பண்ணினாராமா? பெரிய ஆளுங்களா? நம்ம கணபதிதானுங்களா?"

"சரி பண்ணின விதத்தை அவர் சம்மதிச்சாத்தான் காட்டுமுங்க. கேட்டு அனுப்பியிருக்கேன்."

ஆறுக்குட்டி மூன்று டீ குடித்தார். இரண்டு முறை வாசல் வரை போய் வந்தார். ஐந்து மணிக்குப் பதில் வந்தது.

'ஆடியில் மேற்கே இருந்து வரும் பாலக்காட்டுக் காற்றில் சாரல் உள்ளே அடிக்கும். மணல் குவியலின் மேற்குப் பக்கம்தான் நனையும். கருவி கிழக்கே இருந்தால் அதற்குத் தெரியாது. மேற்கே மாற்றி நடுங்கள். மேற்குக் கதவுக்குப் படுதா கட்டுங்கள்.'

புதன்கிழமை காலை கருவியை மேற்கே நட்டார்கள். ஐந்து வாரத்தில் முதல் தடவையாகத் திரை சிவந்தது.

"சிவப்பு! டாக்டரம்மா, சிவப்பு வந்துருச்சுங்க!" போனில் அவர் போட்ட கூச்சலுக்குப் பட்டறையே ஓடிவந்தது. சிவப்பு விளக்குக்கு இப்படிக் குதித்த மனிதரை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

படுதா கட்டினார்கள். நனைந்த மணலை ஒதுக்கிவிட்டுக் காய்ந்ததைச் சேர்த்தார்கள். திரை பச்சையான பிறகே வார்த்தார்கள். வியாழக்கிழமை அச்சை உடைத்து இருபத்தோரு உருப்படிகளை வெளியே எடுத்தார்கள். ஒன்றை அறுத்துப் பார்த்தார்கள். ஓட்டை இல்லை. மற்ற இருபதிலும் தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பதினாலு பேரும் விசில் அடித்தார்கள். ஆறுக்குட்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வெள்ளிக்கிழமை மாலை ஜிலேபிப் பொட்டலத்தோடு கூடத்துக்கு வந்தார். கம்பெனிக்காரன் இருபதையும் எடுத்துக்கொண்டான், ஆர்டர் நிலைத்தது என்று மூன்று முறை சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்த கோகிலவாணி, திரையை அவர் பக்கம் திருப்பினார்.

'எட்டாம் எண்ணிலும் இதே ஓட்டை. முப்பத்தொன்றாம் எண் சரி செய்த விதத்தை அனுப்பச் சம்மதமா?'

ஆறுக்குட்டியின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"டாக்டரம்மா, இந்த எட்டாம் நம்பரு எனக்குப் போட்டிக்காரனா இருந்தா என்னங்க பண்றது?"

"பதினேழாம் நம்பர்காரரும் செவ்வாய்க்கிழமை போன் பண்ணி இதையேதாங்கண்ணா கேட்டார்" என்றார் கோகிலவாணி. "உங்களைப் பத்தி."